லோக்கல் வந்தால் பல் தேய்ப்பாள்

ஆக்ஸ்மவுண்ட் குளோபல் பள்ளியில் குழந்தைகளைத் திட்டமாட்டார்கள். திட்டுவதெல்லாம் பழைய காலத்து வழக்கம் என்று பள்ளியின் கரஸ்பாண்டன்ட் சம்பந்தம் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் சொல்லிவருகிறார். தாமதமாக வருகிற குழந்தைகளை வாசலிலேயே வெயிலில் நிறுத்திவைத்து, “நீங்கள் இப்போது சிந்தனை நேரத்தில் இருக்கிறீர்கள்” என்று அன்போடு தெரிவிப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் குழந்தைகளின் தலைக்கு மேலே ‘ஒவ்வொரு குழந்தையும் ஒரு தனி மலர்’ என்று தங்க எழுத்தில் ஒரு பலகை உண்டு. நிழல் விழுகிற அளவுக்கு அது அகலமில்லை என்பது ஒன்றுதான் குறை.

சம்பந்தம் முன்பு செம்பரம்பாக்கம் பக்கத்தில் மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தவர். எல்லாம் விற்றுத் தீர்ந்தபோது, மழை வந்தால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிற ஒரு பெரிய மனையை மட்டும் யாரும் சீண்டவில்லை. பல நாள் யோசித்துவிட்டு அதில் கல்விச் சேவையைத் தொடங்கினார். மழைக்காலத்தில் பள்ளிக்கு நீச்சல் குளமும் உண்டு என்று அவர் விளம்பரம் கொடுத்ததாகச் சொல்வது வீண் வதந்தி. கொடுக்கலாமா என்று கேட்டார், அவ்வளவுதான்.

இந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்த ரோஷினிதான் வாசலில் மற்ற எல்லாரையும்விட அதிகமாகச் சிந்தித்தவள். அவளுடைய அப்பா வேம்புலி ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கி, அடுக்கி, படம் எடுத்து, சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவன் வேலை. அவன் வம்சத்தில் யாரும் டை கட்டிப் பள்ளிக்கூடம் போனதில்லை. அதனால் ஆக்ஸ்மவுண்டில் யார் என்ன சொன்னாலும், வாட்ச்மேன் சொன்னால்கூட, கைகட்டிக் கேட்டுக்கொள்வான்.

ரோஷினிக்கு ஏ.டி.ஹெச்.டி. என்கிற கவனக் குறைபாடு இருப்பதாகப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். “சேட்டையும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. என்ன செய்யணும்னு அவளுக்குத் தெரியும். ஆரம்பிக்கிறதுதான் வராது. நடுவுல வேற ஒண்ணுக்குத் தாவிடுவா. வெளியிலேருந்து ஒரு தள்ளு வேணும். ஆனா ஒண்ணு, திட்டுறது தள்ளு கிடையாது” என்றார். இதை ரோஷினியின் அம்மா பானுப்பிரியா மனசில் வைத்துக்கொண்டாள். ஆனால் காலையில் பல் தேய்க்கப் போன பிள்ளை, பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டு எறும்புக்கு வழி காட்டிக்கொண்டிருந்தால் எந்தத் தாய்க்கு டாக்டர் சொன்னது நினைவில் இருக்கும்? “பல்லு தேய், பல்லு தேய்” என்று கத்தியே அவள் தொண்டை கட்டிக்கொண்டது.

தொண்டை கட்டியதுதான் நல்லதாகப் போயிற்று. அவர்கள் வீடு நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்புறம். பேச முடியாத அந்தக் காலை, திருவள்ளூர் லோக்கல் ஹாரன் கொடுத்தபடி உள்ளே வந்தபோது, பானுப்பிரியா ரயிலைக் காட்டி, பிரஷ்ஷைக் காட்டி, ‘அது கிளம்புறதுக்குள்ள நீ’ என்று சைகை செய்தாள். ரோஷினி பாய்ந்து போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்தாள். பானுப்பிரியா சமையற்கட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் கத்தவில்லை. திருவள்ளூர் லோக்கலுக்குப் பல். சென்ட்ரல் போகிற லோக்கலுக்குக் குளியல். அரக்கோணம் வண்டிக்கு யூனிஃபார்ம். நடுவில் கூட்ஸ் வந்தால் அது கடந்து போகிறவரை என்ன வேண்டுமானாலும் ஆடலாம். சாயங்காலம் நெமிலிச்சேரி என்று ஒரு ஊர் இருப்பதையே மதிக்காமல் ஓர் எக்ஸ்பிரஸ் பெரிய ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அதற்கு ஒரே அர்த்தம்: வேலை முடிந்தது. புத்தகத்தை மூடி, பென்சிலை டப்பாவில் போட்டு, பையை இழுத்து மூடி, பின்பக்கச் சுவர்வரை ஓடிப்போய்க் கடைசிப் பெட்டி மறைகிறவரை கை ஆட்டலாம். வீட்டுப்பாடத்தை ரோஷினி முடித்ததே அந்தக் கை ஆட்டலுக்காகத்தான்.

இதில் ஒரே ஒரு சங்கடம். ரயில் லேட்டானால் ரோஷினியும் லேட்.

அப்படி ஒரு நாள் லேட்டானதற்காகத்தான் வேம்புலியை விசாரணைக்கு அழைத்தார்கள். பள்ளியில் அதற்கு ‘பெற்றோர் அரவணைப்புச் சந்திப்பு’ என்று பெயர். அரவணைக்கிறவர் ஸ்ரீநாத், பள்ளியின் நலவாழ்வு இயக்குநர். ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஆட்களை வேலையை விட்டு அனுப்புகிற பிரிவில் இருந்தவர். அதனால் கனிவாகப் பேசுவது அவருக்குக் கைவந்த கலை. காலையில் வரச்சொல்லி மதியம் வந்தார். வந்ததும் கைப்பேசியை எங்கே வைத்தேன் என்று தேடினார். அது அவர் கையில் இருந்தது.

“ரேஷ்மாவோட பிரச்சினை என்னன்னா...”

“ரோஷினி சார்.”

“ரோஷினி. கவனம் இல்ல. எதையும் ஆரம்பிச்சா முடிக்கிறதில்ல. நேரத்துக்கு வர்றதில்ல.” அதற்குள் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பேசினார். பேசியபடியே கணினியில் எதையோ திறந்தார். திறந்ததை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தார். திரும்பி வந்து, “என்ன சொல்லிட்டிருந்தேன்?” என்றார்.

“நேரத்துக்கு வர்றது இல்லன்னு, சார்.”

“ஆமா. நேத்து ஏன் லேட்?”

“லோக்கல் லேட்டு சார். திருநின்றவூராண்ட சிக்னல் கோளாறாம்.”

“நீங்க ட்ரெயின்லயா வர்றீங்க?”

“இல்ல சார், பைக்ல இட்டாந்து உடறேன்.”

“அப்புறம் ட்ரெயின் லேட்டானா உங்களுக்கென்ன?”

“பாப்பா ட்ரெயின்ல வராது சார். ட்ரெயின் வந்தாக்கண்டி பல்லு தேய்க்கும்.”

ஸ்ரீநாத் அவனைப் பரிவோடு பார்த்தார். பிரச்சினை குழந்தையிடம் மட்டும் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ரயில்வேயை நம்பிக் குழந்தை வளர்ப்பது விஞ்ஞானபூர்வமானதல்ல என்று விளக்கினார். ‘லிட்டில் கேப்டன்’ என்ற செயலியை வேம்புலியின் கைப்பேசியில் ஏற்றிவிட்டார். ‘ஸ்பெஷல் ஸ்டார்ஸ்’ என்ற வாட்ஸ்அப் குழுவிலும் சேர்த்தார். காலைக் கடமை ஒவ்வொன்றையும் படம் எடுத்துக் குழுவில் போடவேண்டும். போட்டால் செயலியிலிருந்து தங்க ஸ்டார் ஒன்று வரும். குறித்த நேரத்துக்குள் போடாவிட்டால், ‘உங்கள் குழந்தை இன்று பொறுப்பில் பின்தங்கியுள்ளார்’ என்று எல்லாப் பெற்றோரும் பார்க்கச் செய்தி வரும். இதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஊக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஸ்ரீநாத் சொன்னார்.

மறுநாள் காலையிலிருந்து வேம்புலி வீடு போட்டோ ஸ்டுடியோ ஆனது.

“பாப்பா, இங்க பாரு. பிரஷ்ஷ வாய்ல வெச்சிகினு சிரி. கண்ண மூடிட்ட, இன்னொரு வாட்டி.”

படம் எடுத்ததும் ரோஷினி பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். படம்தானே கேட்டார்கள், பல்லையா கேட்டார்கள்? அவள் கணக்கு சரிதான். குளித்த படத்துக்குத் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டாள். இதற்கிடையே திருவள்ளூர் லோக்கல் வந்தது, ஹாரன் கொடுத்தது, போயிற்று. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒரு நாள் வேம்புலிக்கு அதிகாலை ஷிஃப்ட். கிடங்கில் பெட்டிகளை அடுக்கி முடித்து, சூப்பர்வைசருக்கு அனுப்பவேண்டிய படத்தைக் கை தவறி ‘ஸ்பெஷல் ஸ்டார்ஸ்’ குழுவில் போட்டுவிட்டான். பார்த்ததும் அவனுக்கு வேர்த்துப்போயிற்று. மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தவித்துக்கொண்டிருந்தபோதே பதில் வந்தது. ‘சூப்பர்! கீப் இட் அப்!’ கூடவே தங்க ஸ்டார். அந்த வாரம் சிறந்த முன்னேற்றம் காட்டிய குழந்தை என்று ரோஷினிக்குப் பாராட்டும் வந்தது.

“அட்டப் பொட்டிக்கு ஸ்டார் குடுக்குற பள்ளிக்கூடமாயா இது?” என்று பானுப்பிரியா கேட்டாள். “இன்னாத்தப் பாத்து குடுக்கறானுங்க? உன் பொட்டி பல்லு தேய்ச்சிச்சா?”

“பெரிய ஸ்கூலு பானு. இன்னாவோ காரணம் இருக்கும்.”

“காரணமும் இல்ல, தோரணமும் இல்ல. அட்த்த மீட்டிங்குக்கு நான் வரேன்.”

போனாள். சம்பந்தமும் ஸ்ரீநாத்தும் சேர்ந்திருந்த அறையில் நின்று, ரயில் விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை விவரமாகச் சொன்னாள். வீட்டில் நடக்கிறதை அப்படியே விட்டால் போதும், போட்டோ வேண்டாம், ரயில் லேட்டாகிற நாளில் வெயிலில் நிறுத்தாமல் இருந்தால் புண்ணியம் என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்குப் பார்த்து, சிறந்த புதுமைப் பள்ளி விருதுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆக்ஸ்மவுண்டில் புதுமையாக எதுவும் இல்லை என்ற கவலையில் ஸ்ரீநாத் சாப்பிடாமல் இருந்தார். பானுப்பிரியா பேசப் பேச அவர் முகம் மலர்ந்தது. “சார், இது சவுண்ட் பேஸ்டு ரொட்டீன்! நான் ரொம்ப நாளா யோசிச்சிட்டிருந்தது இதைத்தான்” என்று சம்பந்தத்திடம் சொன்னார். விஞ்ஞானபூர்வமல்லாதது ஒரே வாரத்தில் விஞ்ஞானமாகிவிட்டது. அதற்கு ‘ரயில் டு எக்ஸலன்ஸ்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பள்ளி முழுக்க ஒலிபெருக்கி வைப்பது, ஒவ்வொரு வேலைக்கும் ஹாரன் அடிப்பது, ஆசிரியைகள் கையில் பச்சைக் கொடி கொடுப்பது என்று அடுத்தடுத்து முடிவானது.

“ஹாரன் பாத்து வெய்யுங்க சார்” என்றாள் பானுப்பிரியா. “லோக்கல் ஹாரன் வேற, எக்ஸ்பிரஸ் ஹாரன் வேற. லோக்கல்னா வேலைய ஆரம்பிக்கணும். எக்ஸ்பிரஸ்னா வேல முட்ஞ்சிது, வெளிய ஓடலாம்னு அதுக்கு.”

சம்பந்தம் சிரித்தார். “அம்மா, இது இன்டர்நேஷனல் ஸ்கூல். இங்க லோக்கல் ட்ரெயின் ஹாரன் அடிச்சா மத்த பேரன்ட்ஸ் என்ன நினைப்பாங்க? அவங்க ஃப்ளைட்ல போறவங்க. எக்ஸ்பிரஸே கொஞ்சம் இறங்கி வந்ததுதான். எல்லாத்துக்கும் எக்ஸ்பிரஸ் ஹாரனே போடுங்க ஸ்ரீநாத். நல்லா கம்பீரமா இருக்கட்டும்.”

அப்படியே போட்டார்கள். பிரார்த்தனைக்கு எக்ஸ்பிரஸ் ஹாரன். தண்ணீர் குடிக்க எக்ஸ்பிரஸ் ஹாரன். கணக்கு நோட்டை எடுக்க, கணக்கு நோட்டை வைக்க, கழிவறைக்குப் போக, போனவர்கள் திரும்பி வர, எல்லாவற்றுக்கும் அதே ஹாரன். ஆவடி சாலையில் போகிற மாடுகள்கூட ஒதுங்கி நின்றன. முதல் ஹாரன் அடித்ததும் ரோஷினி புத்தகத்தை மூடினாள், பென்சிலை டப்பாவில் போட்டாள், பையை இழுத்து மூடினாள், பள்ளிச் சுவரைப் பார்த்து ஓடினாள். வகுப்பாசிரியை சுரேகா பின்னாலேயே ஓடி இழுத்து வந்தார். அடுத்த ஹாரன். மறுபடி ஓட்டம். சுரேகாவும் பாவம், எத்தனை தடவை ஓடுவார்? ‘இந்தக் குழந்தை மட்டும் ஹாரனுக்குக் கட்டுப்படவில்லை’ என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். மற்ற குழந்தைகளுக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. இடைவேளையில் ஒருவன் வாயால் ஹாரன் அடிப்பான், மொத்த வகுப்பும் சுவரை நோக்கி ஓடிக் கையாட்டும்.

மேலிடம் கூடி ஆலோசித்தது. ரோஷினிக்காகக் கொண்டுவந்த திட்டம் ரோஷினியால் கெட்டுவிடக் கூடாது என்று முடிவானது. ஹாரன் சத்தம் எட்டாத ஓர் இடத்தில் அவளை உட்காரவைத்தார்கள். உடைந்த பெஞ்சுகளும் பழைய கிரிக்கெட் மட்டைகளும் கிடந்த அந்த அறைக்கு ‘ஃபோகஸ் ரூம்’ என்று பலகை மாட்டினார்கள். அதே வாரம் ஆவடி–பூந்தமல்லி சாலையில் பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்று எழுந்தது. அதில் ரோஷினி பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வேம்புலி எடுத்த படம். கீழே எழுதியிருந்தது: ‘இவளாலேயே முடிந்தது. உங்கள் குழந்தையால் முடியாதா?’

வேம்புலி பைக்கை நிறுத்திப் படித்தான். மகள் படம் அவ்வளவு பெரிதாக இருந்ததில் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோது அந்த ‘இவளாலேயே’ நெஞ்சில் குத்தியது. பக்கத்தில் வண்டியை நிறுத்திய ஒருவன், “உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணா?” என்று கேட்டான். “எம் பொண்ணு” என்று சொல்லிவிட்டு வேம்புலி கிளம்பினான்.

வீட்டில் காலை வேளை செத்துப்போயிற்று. லோக்கல் ஹாரன் கேட்டால் ரோஷினி எழுந்திருப்பாள், ஆனால் நகரமாட்டாள். அம்மா முகத்தைப் பார்ப்பாள்.

“போலாமா ம்மா? ஓடுனா திட்டமாட்டியே?”

“நான் எப்டி கண்ணு திட்டுவேன்? உன் ட்ரெயினு, போ.”

அதற்குள் ரயில் போய்விடும். பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். சாயங்கால எக்ஸ்பிரஸ் போகிறபோது சுவரண்டை போகவே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று நின்றாள். கஷ்டப்பட்டுக் கட்டியதை எவனோ வந்து காலால் எத்திவிட்டுப் போய்விட்டானே என்று பானுப்பிரியா பொருமினாள். இனி எந்த ரயிலும் இந்தப் பிள்ளையை எழுப்பாதோ என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

பள்ளிக்கோ வேறு கவலை. திட்டத்தின் தொடக்க விழாவுக்கு ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி ஒருவர் வருகிறார். விருதுக் குழுவும் வருகிறது. ஃப்ளெக்ஸில் இருக்கிற குழந்தை மேடையில் வேண்டாமா? ஸ்ரீநாத் வேம்புலியை அழைத்தார்.

“மேடையில புத்தகம் படிச்சிட்டிருப்பா. ஹாரன் அடிப்போம். பையை அடுக்கி மூடணும். ரொம்ப சிம்பிள். ஆனா ஒண்ணு வேம்புலி, அன்னிக்கு ரேஷ்மா சொதப்பினா...”

“ரோஷினி சார்.”

“...இந்த ஸ்கூல் அவளுக்குச் சரியான இடமான்னு நாம சேர்ந்து யோசிக்கவேண்டி வரும். டி.சி. குடுக்கிறது எங்களுக்கும் வருத்தமான விஷயம். வருத்தத்தோடதான் குடுப்போம்.”

“நான் இன்னா சார் சொல்லணும் அதாண்ட?”

“புதுசா எதுவும் சொல்லிக் குழப்பாதீங்க. இந்த ஹாரன் கேட்டா வீட்ல என்ன செய்வாளோ, அதையே அப்படியே செய்யச் சொல்லுங்க. அது போதும்.”

வேம்புலி அன்று மாலை மகளை மடியில் உட்காரவைத்து, இயக்குநர் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் சொன்னான்.

“நெஜமாவா நைனா?” ரோஷினியின் கண் விரிந்தது. “ஊட்ல செய்றா மாதிரியேவா? சுரேகா மிஸ் இட்துகினு போமாட்டாங்களா?”

“டைரக்டர் சாரே சொல்ட்டாரு பாப்பா.”

பானுப்பிரியா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, தோசையைத் திருப்பிப் போட்டாள்.

விழா நாளன்று, ‘நேர மேலாண்மை’ என்ற தலைப்பில் சம்பந்தம் பேசினார். குழந்தைகளின் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினார். “எங்க ஸ்கூல்ல எல்லாக் குழந்தையும் சமம். அதனாலதான் இந்த மாதிரிக் குழந்தைகளுக்குத் தனி ரூமே குடுத்திருக்கோம்” என்றார். “நான் எந்தக் குழந்தையையும் குறை உள்ளதுன்னு பாக்கறதில்ல. எந்தக் குழந்தையையும் நான் பாக்கறதே இல்ல, அதெல்லாம் ஸ்டாஃப் பாத்துப்பாங்க” என்றார். “ஒரே ஒரு ஏழைக் குழந்தைக்காக இந்தப் பள்ளியே தன்னை மாத்திக்கிட்டிருக்கு. அந்தக் குழந்தையும் கொஞ்சம் மாறினா நல்லாயிருக்கும்” என்று முடித்தபோது, அவரே உருகிப்போய்க் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முன்வரிசையில் ரயில்வே அதிகாரி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மரியாதைக்காகக் கொடுத்த பச்சைக் கொடி அவர் மடியில் கிடந்தது.

மேடை நடுவில் ரோஷினி மேசை முன் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீநாத் கையை உயர்த்தினார். எக்ஸ்பிரஸ் ஹாரன் பள்ளி அதிர ஒலித்தது.

ரோஷினி அப்பாவைப் பார்த்தாள். வேம்புலி தலையாட்டினான். அவள் புத்தகத்தை மூடினாள். பென்சிலை டப்பாவில் போட்டாள். பையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து இழுத்து மூடினாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. அரங்கமே கைதட்டியது. ஸ்ரீநாத் விருதுக் குழுவைப் பார்த்துத் தலைவணங்கினார். வணங்கிய தலை நிமிர்வதற்குள் ரோஷினி மேடையிலிருந்து குதித்து, நடுப்பாதையில் காற்றாகப் பறந்து, வெளிச் சுவரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

ஹாரன் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்த ரயில்வே அதிகாரி, இத்தனை வருஷப் பழக்கத்தில் எழுந்து நின்று பச்சைக் கொடியை ஆட்டினார். அது போதாதா? மூன்றாம் வகுப்பு எழுந்து ஓடியது. மூன்றாம் வகுப்பு ஓடினால் நான்காம் வகுப்பு சும்மா இருக்குமா? பசியில் வாடிக்கொண்டிருந்த மொத்தப் பள்ளியும் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஓடியது. சுரேகா யாரை இழுப்பது என்று தெரியாமல் தன் பச்சைக் கொடியைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். சுவரருகே குழந்தைகள் எல்லாரும் எம்பி எம்பி, வராத ரயிலுக்குக் கையாட்டினார்கள். சாலையில் போய்க்கொண்டிருந்த தண்ணீர் லாரிக்காரர் தனக்குத்தான் என்று நினைத்து வண்டியை மெதுவாக்கி, நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுத் தானும் கையாட்டினார். ரோஷினி சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. கடைசி வரிசையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த பானுப்பிரியா வாய்விட்டு அழுதாள்.

“என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுங்கைப் பாத்ததில்ல. ஒரு ஹாரன், ஒரு கொடி, மொத்த ஸ்கூலும் கிளம்பிடுச்சே!” என்று ரயில்வே அதிகாரி ஒலிபெருக்கியில் பாராட்டினார். விருதுக் குழுவும் இது நிகழ்ச்சியின் உச்சக்கட்டம் என்றே குறித்துக்கொண்டது. ஆக்ஸ்மவுண்டில் எல்லாரும் அதற்கும் கைதட்டினார்கள். ஆகவே எல்லாம் முறைப்படி நடந்தது. கேடயம் ஸ்ரீநாத்துக்கு. டி.சி. ரோஷினிக்கு.

அந்த டி.சி.யையாவது கொடுத்தார்களா? மறுநாள் மூன்று பேரும் போய் அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். டி.சி. வேண்டும் என்று பெற்றோரே விரும்பிக் கேட்பதாக விண்ணப்பம் எழுதச் சொன்னார்கள். வேம்புலி எழுதிக் கொடுத்தான். அதை எங்கே வைத்தோம் என்று ஊழியர் மறந்துவிட்டார். இன்னொன்று எழுதிக் கொடுத்தான். ரோஷினியின் கோப்பைக் காணவில்லை. ரேஷ்மா என்ற பெயரில் தேடியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடவேண்டிய சம்பந்தம் வருவார், வந்துகொண்டிருக்கிறார், வந்துவிட்டுப் போய்விட்டார் என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஸ்ரீநாத் குறுக்கே ஓடினார், நின்றார், எதற்கு வந்தோம் என்று யோசித்தார், திரும்பிப் போனார்.

அவ்வளவு நேரமும் ரோஷினி பெஞ்சில் உட்கார்ந்து, காலை ஆட்டியபடி, தன் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டப் பழகிக்கொண்டிருந்தாள்.

“திங்கட்கிழமை வாங்க” என்று கடைசியில் சொன்னார்கள்.

வேம்புலி பழக்கதோஷத்தில் “சரிங்க சார்” என்று சொல்லப்போனான். பானுப்பிரியா எழுந்துவிட்டாள்.

“வேணாங்க. அத்த நீங்களே வெச்சிக்கினு பத்தரமா பாத்துக்கோங்க. எங்க ஊராண்ட கவர்மென்ட் ஸ்கூல்ல டி.சி. இல்லாமயே சேத்துக்கறாங்களாம். ந்தா, வாய்யா போலாம்.”

அரசுப் பள்ளியில் ஒன்றும் தேனும் பாலும் ஓடவில்லை. ஃபேன் ஓடினால் லைட் எரியாது, லைட் எரிந்தால் ஃபேன் ஓடாது. ஆனால் வாசலில் யாரையும் சிந்திக்க விடுவதில்லை. லேட்டாக வந்தால், “ஏன்டி இவ்ளோ நேரம்? உள்ள போ” என்று திட்டிவிடுகிறார்கள்.

வீட்டில்தான் எதுவும் நேராகவில்லை. பல நாள் காலையில் லோக்கல் வந்தது, ரோஷினி அம்மா முகத்தைப் பார்த்தாள், லோக்கல் போயிற்று. பானுப்பிரியா தலையை மட்டும் ஆட்டுவாள். கொஞ்சம் கொஞ்சமாக முகம் பார்க்கிற நேரம் குறைந்தது. ஒரு சாயங்காலம் எக்ஸ்பிரஸ் வந்தபோது, வேம்புலி தானே முதலில் சுவரண்டை போய் நின்று இரண்டு கையையும் ஆட்டினான். ரோஷினி வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பிறகு ஒரு காலை திருவள்ளூர் லோக்கல் வரவே இல்லை. எங்கேயோ சிக்னல் கோளாறு. ஸ்டேஷனில் ஜனங்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பானுப்பிரியாவும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். இன்றைக்கு அவ்வளவுதான், மறுபடி தொண்டை கிழியக் கத்தவேண்டியதுதான் என்று நினைத்தாள். ரோஷினி பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்து தண்டவாளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

“இன்னாம்மா இது, பொறுப்பே இல்லாத ட்ரெயினா கீது” என்றாள். “அது வரசொல்ல வரட்டும். நான் போய் தேய்ச்சிக்கிறேன்.”

போய்த் தேய்த்தாள். முழுசாக, கொப்பளித்துத் துப்புகிறவரை. பானுப்பிரியா அடுப்பை அணைத்துவிட்டு, சத்தம் காட்டாமல் கதவு ஓரமாக நின்று பார்த்தாள்.

அதே நேரம் கிடங்கில் வேம்புலியின் கைப்பேசி சிணுங்கியது. ‘ஸ்பெஷல் ஸ்டார்ஸ்’ குழுவிலிருந்து அவனை நீக்கவேண்டும் என்பது ஆக்ஸ்மவுண்டில் யாருக்கும் நினைவில்லை. ‘உங்கள் குழந்தை ரேஷ்மா இன்று பொறுப்பில் பின்தங்கியுள்ளார். பெற்றோர் கவனிக்கவும்.’

வேம்புலி படித்தான். முன்பெல்லாம் இதைப் பார்த்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போன் போடுவான். இன்றைக்கு ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து இறங்கி, சுற்றிலும் பார்த்து, சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பினான்.

‘சூப்பர்! கீப் இட் அப்!’ என்று பதில் வந்தது. கூடவே ஒரு தங்க ஸ்டார்.